ஓரியன் மண்டலத்துத் தெறிப்புப் புகையுரு

இரவு வானில் நாம் காணும் பொருள்களுட் சில தம்மொளியால் விளங்குவன. சில பிறவற்றின் ஒளியை ஏற்று விளங்குவன. ஞாயிறும் விண்மீன்களும் முன்னைய வகையின. திங்களும் கோள்களும் பின்னைய வகையின. இப்பாகுபாடு சிறுவரும் அறிந்ததே. ஆயின், விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் முகில்களிலும் இவ்விரு வகையும் உண்டென்பதும், அவற்றோடு ஒளியே இல்லாத மூன்றாவது வகையொன்றும் உண்டென்பதும் வானியலார் நெடுங்காலம் உழைத்துக் கண்ட உண்மைகளாம். இம்மூன்றனையும் ஒரே இடத்தில் வைத்து ஆராய்வதற்கு வாய்ப்பளிப்பது ஓரியன் மண்டலத்திலுள்ள ஒரு சிறு புகையுரு. அதன் வரலாறு, கண்ணாற் கண்டதைக் கொண்டு காணாததைத் துணிகின்றபோது அறிஞர்க்கும் நேரக்கூடிய பிழையையும், அப்பிழையை நீக்கும் வழியையும் நன்கு காட்டுகின்றது.

அமைவிடமும் பெயரும்

மார்கழி, தை, மாசி மாதங்களில் முன்னிரவில் வானை நோக்குவோர், நேர்கோட்டில் அணிவகுத்து நிற்கும் மூன்று விண்மீன்களை எளிதிற் காண்பர். மேனாட்டார் இவற்றை ஓரியன் எனும் வேட்டுவனின் இடைக்கச்சையாகக் கொண்டனர். நம்மவர் திருவாதிரை என வழங்கும் செம்மீன் அவ்வேட்டுவனின் தோளில் உள்ளது. மிருகசீரிடம் அவன் தலையில் உள்ளது. இடைக்கச்சையிலிருந்து தொங்கும் வாள்போன்ற பகுதியில், வெறுங்கண்ணுக்கும் மங்கிய புகைபோலத் தோன்றுவது புகழ்பெற்ற ஓரியன் பெரும்புகையுரு. அதற்குத் தெற்கே, முழுநிலவின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தூரத்தில், தொலைகாட்டிக்கு மட்டுமே புலனாகும் சிறியதொரு புகையுரு இருக்கின்றது. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

வில்லியம் ஹேர்ஷல் 1785ஆம் ஆண்டில் இதனைக் கண்டு பதிவு செய்தார். பின்னர் 1888இல் டிறையர் என்பார் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலில் இது 1999ஆம் பொருளாக இடம்பெற்றது. அப்பட்டியலின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, என்.ஜி.சி. 1999 என இதனை வழங்குவர். இவ்வெண் வரிசையைக் குறிப்பதேயன்றி ஆண்டைக் குறிப்பதன்று. நம்மிடமிருந்து இதன் தூரம் 1,300 முதல் 1,500 ஒளியாண்டு வரை மதிப்பிடப்படுகின்றது. முகிலின் நடுவே, சிறிது ஒருபுறமாக, வி 380 ஓரியனிசு எனும் விண்மீன் விளங்குகின்றது. அதற்கு அணித்தாக, ஒழுங்கற்ற வடிவுடைய கரிய திட்டொன்று, வெள்ளைத் துணியிற் சிந்திய மைபோலத் தோன்றுகின்றது. விண்மீன், ஒளிமுகில், கருந்திட்டு ஆகிய மூன்றனையும் முறையே நோக்குவோம்.

சிலைபர் கண்ட உண்மை

நெபுலா எனும் இலத்தீன் சொல் பனிமூட்டம், முகில் எனப் பொருள்படும். தொலைகாட்டியில் தெளிவற்று முகில்போற் காணப்பட்ட யாவற்றுக்கும் முன்னோர் இப்பெயரையே இட்டனர். அவை உண்மையில் யாவை என்பதைத் தோற்றத்தைக்கொண்டு கூறுதல் இயலாதிருந்தது. நிறமாலைகாட்டி எனும் கருவி வந்தபின்னரே வழி திறந்தது. 1864இல் வில்லியம் ஹகின்ஸ் என்னும் ஆங்கிலேயர், புகையுருவொன்றின் ஒளியைப் பிரித்து நோக்கியபோது, அதில் ஒருசில ஒளிக்கோடுகள் மட்டுமே இருத்தலைக் கண்டார். வெப்பமுற்று ஒளிரும் ஐதான வாயுவே அத்தகைய நிறமாலையைத் தரும். ஆகவே, புகையுருக்களுட் சில வாயுத்திரள் என்பது உறுதியாயிற்று.

எனினும் எல்லாப் புகையுருக்களும் அத்தகையன அல்ல. 1912ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவல் வானாய்வு நிலையத்தில் வெஸ்ரோ சிலைபர் என்பவர், நாம் கார்த்திகை என வழங்கும் மீன்கூட்டத்தில் மெரோப்பி எனும் விண்மீனைச் சூழ்ந்துள்ள புகையுருவின் நிறமாலையைப் படம்பிடித்தார். ஒளிக்கோடுகளை எதிர்பார்க்கத்தக்க இடத்திற் கருங்கோடுகளே இருந்தன. அக்கோடுகள் அருகிலுள்ள விண்மீன்களின் நிறமாலையிற் காணப்படும் கோடுகளை ஒத்திருந்தன. இதன் பொருள் வெளிப்படை: அம்முகிலுக்குச் சொந்த ஒளி இல்லை, விண்மீனின் ஒளியையே அது வாங்கித் தெறிக்கின்றது. தெறிப்புப் புகையுரு எனும் வகை இவ்வாறு அறியப்பட்டது.

இவ்விடத்து ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். தாம் கண்ட உண்மையைச் சிலைபர் இன்னும் விரித்துக் கருதினார். அந்திரோமேடாப் புகையுருவின் நிறமாலையும் விண்மீனின் நிறமாலையை ஒத்திருத்தலின், அதுவும் நடுவிலுள்ள ஒரு விண்மீனின் ஒளியைத் தெறிக்கும் முகிலாகலாம் என அவர் எண்ணினார். அது பிழையாயிற்று. அந்திரோமேடா எண்ணிறந்த விண்மீன்களைக் கொண்ட தனி அண்டம் என்பதை எட்வின் ஹபிள் 1920களின் நடுப்பகுதியில் நிலைநாட்டினார். ஓரிடத்து மெய்யாயிருந்த காரணம், தோற்றம் ஒத்த வேறோரிடத்து மெய்யாகவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

ஒளிரும் முகிலும் தெறிக்கும் முகிலும்

ஒரு முகில் தானே ஒளிருமா, பிறிதின் ஒளியைத் தெறிக்குமா என்பதைத் தீர்மானிப்பது முகிலன்று. அதன் அருகிலுள்ள விண்மீனே. இதனை ஹபிள் 1922இல் தெளிவுபடுத்தினார். மிக வெப்பமான விண்மீன்கள் வலிய ஊதாக்கடந்த கதிர்களை வீசுகின்றன. அக்கதிர்கள் ஐதரசன் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெயர்த்துவிடுகின்றன. பெயர்ந்தவை மீண்டும் அணுக்களோடு சேரும்போது வாயு தானே ஒளிர்கின்றது. ஓரியன் பெரும்புகையுருவின் செந்நிறம் இவ்வாறு தோன்றுவது. விண்மீன் அத்துணை வெப்பமுடையதன்றாயின் வாயு வாளாவிருக்கும். வாயுவோடு கலந்துள்ள தூசி மட்டும் விண்மீனொளியைச் சிதறச்செய்யும். விண்மீனின் மேற்பரப்பு ஏறக்குறைய 25,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடையதாயின் முன்னையதும், குறைந்ததாயின் பின்னையதும் நிகழும் எனப் பொதுவாகக் கூறலாம்.

இத்தூசி வீட்டில் நாம் காணும் தூசி போன்றதன்று. சிலிக்கேற்றும் காபனும் கொண்ட மிக நுண்ணிய துணிக்கைகள் இவை. குளிர்ந்த இடங்களில் இவற்றின்மேற் பனிக்கட்டியும் படிந்திருக்கும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூற்றினும் சிறியன பல. விண்மீனிடை வெளியிலுள்ள பொருளின் திணிவில் நூற்றிலொரு பங்களவே தூசி, எஞ்சியது வாயு. எனினும் பார்வையைப் பொறுத்தவரை அந்த ஒரு பங்கே பெருஞ்செயல் புரிகின்றது. நீலவொளியின் அலை குறுகியது. செவ்வொளியின் அலை நீண்டது. குறுகிய அலைகளையே இத்துணிக்கைகள் மிகுதியாகச் சிதறச்செய்கின்றன. ஆதலின், தெறிப்புப் புகையுருக்கள் தம்மை ஒளிரச்செய்யும் விண்மீனினும் நீலமாகத் தோன்றுகின்றன. பகல்வானம் நீலமாகத் தோன்றுவதும் இக்காரணத்தின் இனத்தைச் சேர்ந்ததே. ஆயின் அங்கே சிதறச்செய்வன காற்றின் மூலக்கூறுகள். அவை தூசித்துணிக்கையினும் மிகச் சிறியனவாதலின், வானத்தின் நீலம் புகையுருவின் நீலத்தினும் அழுத்தமானது. மறுதலையாக, தூசிக்குப் பின்னே நிற்கும் விண்மீனின் ஒளி நீலத்தை இழந்து செம்மை மிக்கதாக நம்மை வந்தடைகின்றது. அந்திஞாயிறு சிவப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

ஆகவே, தூசிக்கு இரு செயல்கள் உண்டு. விண்மீன் அருகே நின்று ஒளியூட்டினால் அது விளங்கும். விண்மீனை மறைத்துக்கொண்டு முன்னே நின்றால் இருளாகும். ஒரே பொருள் நிற்குமிடத்தால் ஒளியாகவும் இருளாகவும் தோன்றுகின்றது.

இளம் விண்மீன்

கார்த்திகைக் கூட்டத்துக்கும் அதனைச் சூழ்ந்த தூசிக்கும் பிறப்புறவு இல்லை. ஏறக்குறைய 10 கோடி ஆண்டு வயதுடைய அக்கூட்டம், தன் பயணத்தில் எதிர்ப்பட்ட முகிலொன்றினூடாகக் கடந்துகொண்டிருக்கின்றது என்பர். வி 380 ஓரியனிசின் நிலை வேறு. அது விளக்கேற்றும் முகிலே அது பிறந்த முகில். கருவுற்ற காலத்திற் சேராது எஞ்சிய பொருள் இன்னும் அதனைச் சூழ்ந்துள்ளது.

இவ்விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய 10,000 பாகை செல்சியசு. ஞாயிற்றின் மேற்பரப்பு 5,500 பாகையளவே. திணிவு ஞாயிற்றைப்போல் மூன்றரை மடங்கு என மதிப்பிட்டுள்ளனர். மேலே கூறிய எல்லைக்கு இவ்வெப்பநிலை மிகத் தாழ்ந்ததாகலின், முகில் தெறிப்புப் புகையுருவாயிற்று. ஞாயிறு ஐதரசனை ஈலியமாக்கும் அணுச்சேர்க்கையால் நிலையாக ஒளிர்வது. இளம் விண்மீனோ அந்நிலையை இன்னும் அடையவில்லை. தன் ஈர்ப்பினால் தானே சுருங்கிவரும் போது வெளிப்படும் சத்தியே அதன் ஒளிக்கு முதன்மையான காரணம். இவ்வாறு தூசிமுகிலோடு கூடியனவும், ஞாயிற்றினும் திணிவு மிக்கனவுமான இளம் விண்மீன்களை அமெரிக்க வானியலாரான யோர்ச் ஹேர்பிக் 1960இல் ஒரு தனி வகுப்பாகத் தொகுத்துக் காட்டினார். வி 380 அவ்வகுப்பைச் சேர்ந்தது. அது தனி விண்மீனன்று, நான்கு விண்மீன்கள் இணைந்த தொகுதி என்பது 2013இல் வெளியான ஆராய்ச்சியாற் புலனாயிற்று.

இளம் விண்மீன்கள் அமைதியாகப் பிறப்பதில்லை. சுற்றிலுமுள்ள வட்டத்தட்டிலிருந்து பொருள் உள்ளே வீழும் அதே காலத்தில், அதிலொரு பகுதி தட்டுக்குச் செங்குத்தான இருதிசைகளிலும் ஒடுங்கிய தாரைகளாக, செக்கனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்திற் பாய்கின்றது. அத்தாரைகள் முகிலை மோதுமிடங்களிற் சிறுசிறு ஒளித்திட்டுக்கள் தோன்றுகின்றன. ஹேர்பிக்கும் மெக்சிக்கோ நாட்டினரான கில்லெர்மோ ஆரோவும் ஒருவரையறியாது ஒருவர் இத்திட்டுக்களை ஆராய்ந்து, 1950களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். ஹேர்பிக்-ஆரோப் பொருள்கள் என இன்று வழங்கும் இவற்றுள் முதலாவதும் இரண்டாவதும் நாம் கூறும் புகையுருவின் அயலிலேயே உள்ளன. இளம் விண்மீன்கள் தம் தொட்டிலைத் தாமே சிதைக்கும் ஆற்றலுடையன என்பதற்கு அவை சான்று.

கருந்திட்டு: துளையா, முகிலா?

இனி அக்கரிய திட்டுக்கு வருவோம். அதனை அறிவதற்கு, வானத்து இருளிடங்களைப் பற்றிய பழைய வழக்கொன்றை முதலில் நோக்கவேண்டும்.

மீன்கள் செறிந்த பால்வீதியின் நடுவே சிற்சில இடங்கள் மீனின்றி வெறுமையாய் இருத்தலை ஹேர்ஷல் கண்டு வியந்தார். விண்மீன்கள் ஈர்ப்பினால் ஒருபுறமாகத் திரண்டமையால் மறுபுறம் வெளியாயிற்று. ஆகவே அவை மெய்யான துளைகளே என அவர் கருதினார். அக்கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவியது. பால்வீதியைப் படம்பிடிப்பதில் ஈடிணையற்றவராயிருந்த எட்வேட் எமர்சன் பாணாட்டும் முதலில் அவ்வாறே எண்ணினார். 1913ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், நிலவற்ற ஓரிரவிற் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, தனுசு மண்டலத்து மீன்திரளின் முன்னே சின்னஞ்சிறு கார்முகில்கள் சில மிதந்து செல்வதை அவர் கண்டார். தம் படங்களிலுள்ள இருளிடங்களுக்கும் அம்முகில்களுக்கும் தோற்றத்தில் வேறுபாடே இல்லாதிருந்தமை அவர் உள்ளத்தைத் தைத்தது. 1919இல் 182 இருளிடங்களின் பட்டியலை அவர் வெளியிட்டபோது, அவற்றுட் பல ஒளியை மறைக்கும் பொருள்கள் என்பதில் ஐயமில்லாதிருந்தார். 1930இல் றொபேட் திறம்பிளர், தூசி பரந்து ஒளியை விழுங்குகின்றமையை அளவுகளாற் காட்டினார். 1947இல் பார்ட் பொக், சிறிய செறிந்த கருமுகில்களை எடுத்துக்காட்டி, அவை விண்மீன்களின் கருப்பைகளாகலாம் என்றார். வானத்து இருள் வெறுமையன்று, தூசியே என்பது பாடநூல் விதியாயிற்று. ஹேர்ஷலின் துளைகள் பழங்கதையாயின.

1999 டிசம்பரில், விண்வெளியிலுள்ள ஹபிள் தொலைகாட்டி பழுதுபார்க்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் அது எடுத்த படங்களுள் ஒன்று என்.ஜி.சி. 1999 ஆகும். கருந்திட்டு அதில் மிகத் தெளிவாய் விழுந்தது. பொக் கூறிய வகையைச் சேர்ந்த செறிந்த முகிலொன்று, பின்னாலுள்ள ஒளியை மறைத்து நிழலுருவாய்த் தோன்றுகின்றது என்றே யாவரும் விளக்கினர். அவ்வாறு கூறுதற்கு ஒரு நூற்றாண்டின் அனுபவம் துணைநின்றது.

துளையென்று துணிந்தமை

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2009 மே 14ஆம் நாள் 3.5 மீற்றர் ஆடியுடைய தொலைகாட்டியொன்றை விண்ணிற் செலுத்தியது. ஒளியின் சிவப்பு எல்லைக்கு அப்பாலும் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உள்ளன என 1800இல் கண்டறிந்தவர் வில்லியம் ஹேர்ஷலே. செந்நிறக்கீழ்க் கதிர்கள் எனப்படும் அவற்றை நோக்கும் இக்கருவிக்கு அவர் பெயரையே இட்டனர். ஈலியத்தாற் குளிரூட்டப்பெற்ற அதன் கருவிகள், 2013 ஏப்பிரலில் அவ்வீலியம் தீரும்வரை பணிபுரிந்தன.

ஓரியன் மண்டலத்து இளம் விண்மீன்களை ஆராய இக்கருவியைப் பயன்படுத்திய குழுவினர், கருந்திட்டையும் நோக்கினர். கண்ணுக்குக் கரியதாய்த் தோன்றும் தூசிமுகில் முற்றும் ஒளியற்றதன்று. அது பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 250 பாகை குளிர்ந்திருப்பினும், அவ்வெப்பநிலைக்கேற்ப மிக நீண்ட செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசியே தீரும். ஆதலின், செறிந்த முகிலாயின் ஹேர்ஷல் தொலைகாட்டியில் அத்திட்டு பளிச்சென விளங்கவேண்டும். ஆனால் அங்கும் அது இருண்டே இருந்தது.

இதற்கு இரண்டு விளக்கங்களே கூடும். ஒன்று, செந்நிறக்கீழ்க் கதிர்களும் ஊடுருவ இயலாத அளவுக்கு முகில் மிகமிகச் செறிந்திருத்தல். மற்றது, அங்கே முகிலே இல்லாதிருத்தல். எண்ணிப்பார்க்குமிடத்து இவ்விரண்டும் ஒன்றற்கொன்று நேர்மாறானவை. ஆய்வாளர் விரைந்து முடிவு கூறவில்லை. சிலிநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்திலுள்ள அப்பெக்சு எனும் 12 மீற்றர்த் தொலைகாட்டியால், மில்லிமீற்றரிலும் சற்றே குறுகிய அலைகளில் நோக்கினர். முகில் எத்துணைச் செறிந்ததாயினும் அவ்வலைகள் அதனூடே வெளிவரும். செறிவு மிகமிக அவை மிகுதியாகும். அவையும் அங்கே காணப்படவில்லை. நிலத்திலிருந்து எடுத்த செந்நிறக்கீழ்ப் படங்களும் இதனையே உறுதிசெய்தன. அத்திட்டு முகிலன்று, முகிலிலுள்ள துளை. 2010ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

தூசி இல்லாத இடத்தில் ஒளியைத் தெறிக்கப் பொருளில்லை. ஆகவே அது இருண்டது. சூழவுள்ள இடம் விளங்குவதாலேயே அவ்விருள் ஒரு பொருள்போற் காட்சியளித்தது. துளையை உண்டாக்கியது யாது? அயலிலுள்ள இளம் விண்மீன்களிலிருந்து பாயும் தாரைகள் முகிற்படலத்தைத் துளைத்திருக்கலாம் என்றும், முதிர்ந்த விண்மீனொன்றின் வலிய கதிர்வீச்சும் அதற்குத் துணைபுரிந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், புதிய விண்மீன் தன்னைப் பொதிந்த முகிலைக் கிழித்து வெளிப்படும் நிலையொன்றை நாம் நேரே காண்கின்றோம் எனலாம்.

இன்மையை அறியும் நெறி

இந்நிகழ்ச்சியிலிருந்து, பாணாட்டும் பொக்கும் பிழைபட்டனர் என்று முடிவுகட்டுதல் தகாது. ஹேர்ஷல் துளையெனக் கருதிய இடங்கள் இன்றும் தூசிமுகில்களே. வானத்து இருளிடங்களுட் பெரும்பாலன தூசி எனும் விதியும் வழுவற்றது. பெரும்பாலன எனும் சொல் மட்டும் வழக்கில் மறைந்துபோயிற்று. அச்சொல் மறைந்த அளவில், ஆராயவேண்டியது ஆராயாமலே முடிந்ததாகக் கருதப்பட்டது. சிலைபர் அந்திரோமேடாவில் வழுவியதும் இம்முறையிலேயாம்.

நமது தருக்கநூலார் அறிவுபெறும் வாயில்களை வகுத்தபோது காட்சி, கருதல், உரை என்பவற்றோடு இன்மையை அறிதலையும் எண்ணினர். சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் அபாவம் எனும் பெயரில் அது இடம்பெறுகின்றது. நிலத்திற் குடமில்லை என்பதை எவ்வாறு அறிகின்றோம்? இருந்தாற் கண்ணுக்குப் புலப்படவேண்டிய குடம் புலப்படாமையாற்றான். ஆயின், இருட்டறையில் நின்று குடமில்லை எனக் கூறுதல் அளவையாகாது. குடம் இருப்பினும் அங்கே புலப்படாது. விளக்கேற்றிப் பார்த்தபின்னரே இன்மை துணியப்படும். கண்ணொளியில் மட்டும் நோக்கியவரை, கருந்திட்டு இருட்டறைக் குடம் போன்றது; தூசி உண்டென்பார்க்கும் இல்லையென்பார்க்கும் அது ஒருபடித்தாய்த் தோன்றியது. தூசி இருந்தால் தோன்றியே தீரவேண்டிய அலைகளைத் தேர்ந்து நோக்கியமையே ஏற்றிய விளக்காயிற்று.

ஹேர்ஷல் கூறிய துளை, அவர் குறித்த இடங்களில் இல்லை. அவர் 1785இற் கண்டு பதிந்த ஒரு சிறு புகையுருவில், அவர் கண்டறிந்த கதிர்களைக்கொண்டு, அவர் பெயர் தாங்கிய கருவியாலேயே துளையொன்று வெளிப்பட்டது. பழைய கருத்து மீண்டதென இதனைக் கொள்ளலாகாது. முன்னது கருத்து, பின்னது சோதித்துக் கண்ட முடிவு. இரண்டுக்கும் சொல் ஒன்றாயினும் பெறுமதி ஒன்றன்று. கற்கும் மாணவர் விடையை மட்டும் மனத்திற் கொள்ளாது, அவ்விடைக்கு வந்த வழியையும் உடன்கொள்ளல் வேண்டும் என்பதற்கு, ஓரியன் வாளின் அருகே மங்கித் தோன்றும் இச்சிறு முகிலினும் சிறந்த சான்று காண்டல் அரிது.